தனம் கொண்டு வந்த ஆல்பம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மஹய்யாவையில் என் தம்பி வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: நான், முத்தம்மா. வீட்டுக்காரன் சந்திரசேகரன், என் கூடப் பிறந்தவன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற கனகு அண்ணன். பக்கத்து வீட்டு நஸீமா. ஐந்தாவது கதிரை தனலெட்சுமியுடையது. அது காலியாக இருந்தது.

கனகு அண்ணன் கொண்டு வந்த பைலாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தனத்தின் மகள் ரதி எனக்குப் போன் எடுத்தாள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி வாசல்லயே..." கனகு அண்ணன் எழுந்து தன் பாட்டைத் தானே நிறுத்தினார்.

தானே நிறுத்தினார் என்பதைச் சும்மா எழுதவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் அந்த நாட்களில் விரும்பிக் கேட்கும் ஆல்பத்தைக் கொண்டு வரலாம். மற்றவர்கள் முழுவதும் கேட்க வேண்டும். கொண்டு வந்தவர்தான் நிறுத்தலாம். சட்டம் போட்டவன் சந்திரசேகரன். அவன் போட்ட வயலின் ஆல்பத்தை அவன் பெண்சாதி ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று வந்த சட்டம் அது.

தனம் டவுனில் புடவைக் கடையில் நின்றவள். பகலெல்லாம் நின்ற காலோடு வந்து, எல்லாருடைய பாட்டையும் கண்ணை மூடிக் கேட்பாள். நஸீமாவின் கஸீதாவையும் கேட்பாள், என் முருகன் பாட்டையும் கேட்பாள். "பிடிக்கலன்னா முழுசாக் கேட்டுட்டுப் பிடிக்கலன்னு சொல்லுங்க" என்பது அவள் பேச்சு. அப்படித்தான் என் தம்பியின் வயலினையும் முழுவதும் கேட்டுவிட்டு, "அண்ணே, எப்ப ஆரம்பிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், முடிஞ்சிருச்சு" என்றாள். நஸீமா சிரித்ததில் குடித்துக்கொண்டிருந்த பிளேன்டி மூக்கில் ஏறிவிட்டது. தம்பி சிரிக்கவில்லை.

ஒருநாள் அவள் தப்பு மேள ஆல்பம் ஒன்று கொண்டு வந்தாள். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அடித்துப் பதிந்தது. இரண்டாவது பாட்டு தொடங்கியதும் சந்திரசேகரன் எழுந்து ஸ்பீக்கரை அணைத்தான்.

"இது சாவு வீட்டுச் சாமான் தனம். இது விளக்கு வைக்கிற வீடு."

"நிறுத்துறது நான்தானே அண்ணே? சட்டம் உங்க சட்டம்தானே?"

"சட்டம் பாட்டுக்குத்தான். இதுக்கில்ல."

"நீ யாருடா நிறுத்த?" என்று நான் கேட்டேன். "அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றான். கனகு அண்ணன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தனத்தின் அப்பா தோட்டத்தில் தப்பு அடித்தவர் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவன் அணைத்தது எதை என்பதும் தெரியும்.

இறங்கி வரும்போது படிக்கட்டில் அவள் சொன்னாள்: "அப்பா அடிச்சத யாரும் உக்காந்து கேட்டதில்லக்கா. காலையில பெரட்டுக்கு ஆள் கூப்பிட அடிப்பாரு, எல்லாரும் எழும்பி வேலைக்கு ஓடுவாங்க. சாவுக்கு அடிப்பாரு, பின்னால நடப்பாங்க. நாலு பேரு கதிரையில உக்காந்து கேக்கணும். அவ்வளவுதான்."

வராமல் நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். அவள் முறை வந்ததும் போனை மடியில் வைத்து, "நான் இன்னும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்பாள். "அடுத்த ஆள்" என்பான் சந்திரசேகரன். வேறு ஒன்றையும் அவள் போடவில்லை. சாகும்வரை போடவில்லை.

சாவு வீட்டில் ரதி அந்த ஆல்பத்தைப் போட்டாள். அங்கே இந்தச் சந்திரசேகரன் கைகட்டி நின்று கேட்டான். ரதியிடம் போய், "அருமையான அடிம்மா. இந்த இடத்துக்கு இதுதான் பொருத்தம். எனக்கும் அனுப்பி வை" என்றான். அவள் செத்த பிறகு, அவள் பிணத்துக்குப் பக்கத்தில், அவனுக்குப் பொருத்தமாகிவிட்டது! பிள்ளையின் முகத்துக்காக வாயைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் முறை. "நான் இப்போ கேட்டுக்கிட்டு இருக்கிறது இதுதான்" என்று சொல்லி, தனத்தின் ஆல்பத்தைப் போட்டான். தன்னுடையதைப் போல. தலையை வேறு ஆட்டினான். முதல் பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தொடங்கியதும் எழுந்து போய் அணைத்தேன்.

"அக்கா! கொண்டு வந்தவன்தான் நிறுத்தலாம்."

"கொண்டு வந்தவ செத்துப் போயிட்டாடா. நீ வேற ஆள்."

"ஒரு பாட்டுக்காகக் கூடப் பிறந்தவனோட சண்டையா?"

நஸீமா தன் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாங்க முத்தம்மாக்கா, போவோம்." கனகு அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்தார்.

இப்போது என் வீட்டில் கூடுகிறோம். முதல் ஞாயிறு ரதியை வரச்சொல்லி, அவள் அம்மாவின் ஆல்பத்தை முதலில் இருந்து கடைசி வரை போட்டோம். நாங்கள் நாலு பேரும் கதிரையில் உட்கார்ந்து கேட்டோம். ஒருவரும் எழும்பவில்லை. எனக்கு ஐந்தாவது பாட்டு பிடிக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் ரதியிடம் சொன்னேன்; அவள் அழுதுகொண்டே சிரித்தாள். தனத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான்.

கனகு அண்ணன் அன்று கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்தார். பொறுக்காதது ஒருவனை. தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பினான், திருப்பி அனுப்பினேன். தனத்தைத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவன் பெயரையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: சந்திரசேகரன், எனக்கு அடுத்துப் பிறந்தவன்.