அத்தாவின் மூக்கும் சுறாக் கருவாடும்

கோட்டைப்பட்டினத்தில் அத்தாவுக்குக் கருவாட்டு வியாபாரம்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கரையில் வாங்கிப் புதுக்கோட்டைச் சந்தைக்கு அனுப்புவார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, வள்ளத்திலிருந்து இறங்குகையில் வழுக்கி மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடிபட்டார். காயம் சீக்கிரமே ஆறிவிட்டது. ஆனால் ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பவேயில்லை. அத்தாவுக்கு வாசனை போய்விட்டதை அம்மா அப்போதுதான் கண்டுபிடித்தார்.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சோதித்துப் பார்க்க வந்தார். ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை அத்தாவின் மூக்கில் ஏற்றினார். அத்தா அடுக்கடுக்காகத் தும்மினார். கண்ணில் நீர் கொட்டியது.

"மூக்கு நல்லாத்தான் இருக்கு மச்சான். ஒங்களுக்கு மனசுலதான் அடைப்பு" என்று தீர்ப்புச் சொன்ன மாமா, மிச்சப் பொடியைத் தன் மூக்கில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

மாமாவின் பிழை எனக்கு விளங்கியது வளர்ந்து பெரியவளான பிறகு, ஒரு மருத்துவர் படம் வரைந்து காட்டியபோதுதான். மூக்கின் கூரையில் சல்லடை போல ஓர் எலும்பு இருக்கிறது. வாசனை நரம்பின் மெல்லிய இழைகள் அதன் துளைகள் வழியே மூளைக்கு ஏறுகின்றன. பின்மண்டையில் அடிபட்டு மூளை குலுங்கினால் அந்த இழைகள் அறுந்துபோகக்கூடும். காரத்தையும் எரிச்சலையும் உணர்வது முகத்தில் பரவியிருக்கும் வேறொரு நரம்பு. அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூக்குப்பொடி தட்டியது இந்த இரண்டாம் நரம்பின் கதவை.

கருவாட்டைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்க முடியாது. புது உப்பைத் தூவி அழுகலை மறைப்பவர்கள் உண்டு. ஒரு துண்டை முறித்து மோந்த பிறகே விலை பேசுவார்கள். அத்தாவால் மோந்து பார்க்க முடியாது என்பது கரைக்குத் தெரிந்தால், கெட்ட சரக்கெல்லாம் எங்கள் கொட்டகைக்கே வந்து சேரும். வியாபாரம் அதோடு முடிந்தது. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அம்மா எங்களை எச்சரித்திருந்தார்.

அதன்பின் அத்தா என்னைக் கரைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். துண்டை முறித்துத் தன் மூக்கருகே வைப்பார்; பிறகு விளையாட்டாக என் முகத்தருகே நீட்டுவார். நல்ல கருவாடென்றால் நான் அதைக் கேட்டு அடம்பிடிக்க வேண்டும். கெட்டதென்றால் வீட்டுக்குப் போகலாம் என்று சிணுங்க வேண்டும். இரண்டையும் நான் வெகு நேர்த்தியாகச் செய்தேன்.

"என்ன பாய், மகளுக்கு இப்பவே தொழில் பழக்குறீங்களா?" என்று யாராவது கேட்பார்கள்.

"இது கருவாட்டுப் பூனைங்க. விட்டுட்டு வந்தா வீட்டுல அழுவுது" என்பார் அத்தா.

ஒருநாள் பெரிய சுறாக் கருவாட்டுக் குவியல் வந்தது. நான் மோந்ததும் சிணுங்கினேன். அத்தா கையை உதறி எழுந்தார். சரக்குக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சின்னப்புள்ள பேச்சக் கேட்டா யாவாரம் பண்றீங்க? நீங்க மோந்து சொல்லுங்க பாய்."

அங்கிட்டு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தா நிதானமாக உட்கார்ந்து, புதிதாக ஒரு துண்டை முறித்து, மூச்சை ஆழமாக இழுத்தார். கெட்ட சுறாவுக்கு மூக்குப்பொடி போலவே கண்ணைத் தாக்கும் நெடி உண்டு. அத்தாவின் கண் கலங்கியது; முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ணக் கரிக்குது. வேணாம்ங்க."

சரக்குக்காரர் சாக்கை இழுத்து மூடினார்.

அத்தாவுக்கு வாசனை திரும்பிவிட்டது என்று அம்மாவிடம் சொல்ல நான் வீட்டுக்கு ஓடினேன். அன்று அம்மா நெய்ச்சோறு ஆக்கினார். சட்டியின் மூடியைத் திறந்து அத்தாவின் முகத்துக்கு நேரே பிடித்தபடி காத்திருந்தார். அத்தா என்னைப் பார்த்தார்; அம்மாவைப் பார்த்தார்.

"நல்லா மணக்குது" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார். எனக்குத் தெருவில் பாண்டி ஆட்டம் காத்திருந்தது.

"அதான் ஒங்களுக்கு வந்துருச்சுல்ல. நான் எதுக்கு?"

அத்தா, அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பேச்சுத் தொணைக்கு வா புள்ள" என்றார்.

மனசில்லாமல் கிளம்பினேன். பேச்சுத் துணைக்கு என்று அழைத்தவர் கரை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை; என் கையை மட்டும் விடாமல் பிடித்திருந்தார். ஆட்டம் போனதே என்ற எரிச்சலில், அத்தாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துக்கொண்டு நடந்தேன்.