பக்கத்து இருக்கையில் அறுபத்து மூன்று கிலோ

சத்தியமாக நடந்தது இது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்பவன் என்று எனக்கு வீட்டில் பெயர். நீங்கள் அலறியடித்து ஓடிவிடக் கூடாதே என்று இதை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கிறேன். பேய்க்கு நடுநிசிதான் வேண்டும் என்று யார் சொன்னது? மணி பகல் 2.10. மண்டையைப் பிளக்கும் வெயில்.

எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பட்டப்பெயர் தசமம். பசிக்கிறதா என்று கேட்டால்கூடப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு பதில் சொல்லும் ஆசாமி. கார் எஞ்சினை ட்யூன் செய்வது தொழில். சோறு தண்ணீர் மறந்து மூன்று வருடமாக ஒரு மென்பொருள் எழுதியிருந்தார். லேப்டாப்பைக் காரோடு இணைத்து ஓட்டினால் போதும். மொத்த எடை, வண்டி வேகம் பிடிக்கும் விதம் இரண்டையும் வைத்து எஞ்சினின் குதிரைத்திறனைக் கணக்கிட்டுவிடும்.

அன்று வாடிக்கையாளர் ஒருவரின் கார். காலையில் ஆளில்லாமல் எடை போட்டாயிற்று. உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம் 118 காட்டியது. மென்பொருளும் 118 சொல்ல வேண்டும். நான்கு மணிக்குள் சொல்லாவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுப் பழைய வேலைக்கே போவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஊருக்கு வெளியே நேர்ச்சாலை. முதல் ஓட்டம். 112.

சாலையோரம் நின்ற மைத்துனன் சிரித்தான்.

“அத்தான், தொப்பையக் கணக்குல சேத்தீங்களா?”

“எண்பத்தொன்னு. காலைலதான் எடை பாத்தேன்.”

“புள்ளிக்கு அப்புறம்?”

“நாலு, சைபர். வாய மூடுடா.”

2.31. இரண்டாவது ஓட்டம். அதே 112. டயரில் காற்று சரி. பெட்ரோல் சரி. டிக்கியைத் திறந்து பார்த்தார். காலி.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கணக்கில் வராத 63 கிலோவைக் கார் சுமந்திருந்தால்தான் 112 வரும்.

அப்போதுதான்...

டிங். டிங். டிங்.

சீட் பெல்ட் எச்சரிக்கை. அவர் பெல்ட் போட்டுத்தான் இருந்தார். விளக்கு எரிந்தது பக்கத்து இருக்கைக்கு. ஆள் உட்கார்ந்தால் மட்டுமே எரியும் விளக்கு.

யாருமில்லை.

ஆனால் மெத்தை குழிந்திருந்தது...

இறங்கி ஓடியிருக்கலாம். மணி 2.52. நான்கு மணிக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட முடியவில்லை. அந்தப் பெல்ட்டை இழுத்தார். மாட்டினார்.

க்ளிக்.

சத்தம் நின்றது.

பெல்ட் தொய்ந்து விழவில்லை. எதையோ அணைத்தபடி... வெறும் காற்றில் நின்றது.

3.04. மூன்றாவது ஓட்டம். காதருகே சில்லென்று ஒரு மூச்சு. திரும்பவில்லை. வண்டியை நிறுத்தி, கூடுதல் எடைக் கட்டத்தில் 63 என்று அடித்தார்.

118.00.

“அத்தான், அடிச்சீங்க பாருங்க!” மைத்துனன் குதித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

4.00. காரின் சொந்தக்காரர் வந்தார். ஊதினால் பறந்துவிடும் உடம்பு. திரையை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்து இருக்கையைத்தான் பார்த்தார்.

“பெல்ட்ட... நீங்களா போட்டு விட்டீங்க?”

“ஆமா. சத்தம் தாங்கல.”

வண்டிக்காரர் கண்ணில் நீர் முட்டியது. “மன்னிச்சுக்குங்க சார். ஏழு மாசம் முன்னாடி நானும் அப்படித்தான் போட்டு விட்டேன்.”

அவ்வளவுதான். கார் பறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், காலையில் 81.40 காட்டிய எடை மெஷினில் தசமம் ஏறினார்.

144.40.

இறங்கினார். மனைவி ஏறினாள். அவளுக்குச் சரியாகக் காட்டியது. மறுபடி அவர் ஏறினார்.

144.40.

“மெஷின் கெட்டுப் போச்சு அத்தான்” என்றான் மைத்துனன். குரலில் கிண்டல் இல்லை.

மருத்துவர்கள் பார்த்தார்கள். புது மெஷின் வாங்கிப் பார்த்தார்கள். மூன்று மாதம் ஓடிவிட்டது. தொப்பை போய்விட்டது. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

மெஷின் மட்டும் இன்றைக்கும் காட்டுவது...

144.40.