தெற்குப் பார்த்த வீடு

நான் ஓய்வுபெற்ற அன்று எனக்கு மாலை போட்டவர்கள், நான் கட்டிய கட்டடங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். கொழும்பில் ஒரு படமாளிகையின் முகப்பு, துறைமுகத்துப் பண்டகசாலை, மலைநாட்டில் துரைமார் பங்களா, இரண்டு ஆஸ்பத்திரி, ஒரு மாதா கோயில். எந்த வேலைக்கும் வளைந்து கொடுத்த மனிதர் என்று ஒருவர் புகழ்ந்தார். முரசுமோட்டைப் பக்கம் நான் கட்டிய ஒரு வீடு அந்தப் பட்டியலில் இல்லை. நானும் நினைவூட்டவில்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. கட்டடக்கலை படித்துக் கப்பலில் வந்து இறங்கிய கொழுப்பு இன்னும் கரையாத காலம். யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே வயல் செய்ய வந்தவர்களுக்குக் குடியேற்றத் திட்டத்தில் வீடு கட்ட என்னை அனுப்பினார்கள். படமாளிகை கீறிய கைக்கு இரண்டறை வீடு கீறுவது அவமானமாக இருந்தது. அந்த எரிச்சலைக் கண்டவர் நின்றவர் மேலெல்லாம் கொட்டினேன்.

எல்லா வீட்டுக்கும் நான் கீறிய ஒரே வரைபடம். முன்னுக்கு ஒரு வாசல், பின்னுக்கு ஒரு கதவு, அந்தக் கதவோடு ஒட்டித் தென்னோலைக் கிடுகு வேய்ந்த சமையல் குசினி. முன்வாசல் றோட்டைப் பார்க்க வேண்டும் என்று விதித்தவன் நான்தான். மேலிடம் அப்படிக் கேட்கவில்லை. வரிசையாக நின்றால் கண்ணுக்கு அழகு, அவ்வளவுதான். அந்தக் காணிகளுக்கு றோட்டு தெற்கே கிடந்தது, வாய்க்கால் கிழக்கே.

முதல் வீட்டின் அத்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்று காணிக்காரனும் மனைவியும் வந்தார்கள். அவளுக்கு இருபது வயதிருக்கும், முதல் பிள்ளை வயிற்றில். புருஷன் பக்கத்தில் நிற்க, அவள்தான் கேட்டாள்.

"ஐயா, தெற்கு வாசல் எமன்ரை திசையெல்லோ. வயித்துப் பிள்ளையோடை நான் எப்பிடி இதாலை உள்ளுக்குப் போறது? கொஞ்சம் கிழக்குப் பக்கம் திருப்பித் தாங்கோ."

"எமன் வாறதெண்டால் றோட்டாலைதான் வருவான் பிள்ளை. வாய்க்காலுக்குள்ளாலை சுத்தி வரமாட்டான்" என்றேன். கூட வந்த ஓவசியர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பகிடி எனக்கே பிடித்திருந்தது. "அரசாங்கப் படம். மாத்தேலாது" என்று கதையை முடித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சில மாதம் கழித்து மேற்பார்வைக்குப் போனால், முன்வாசலை மண்கல் வைத்து அடைத்து மெழுகியிருந்தார்கள். போக்குவரத்து முழுவதும் குசினியால்தான். என் முகப்பைக் கெடுத்துவிட்டார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அனுமதியற்ற மாற்றம்' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு ஜீப்பில் ஏறினேன். வெளியேறும் ஒரே வழி அடுப்பைத் தாண்டிப் போகிறது என்பது கட்டடம் படித்தவனுக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டியது. எனக்குத் தெரியவில்லை. படித்த முட்டாள் என்பது என்னைப் போன்றவனுக்கென்றே உண்டான சொல்.

ஆவணியில் சோளகக் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கு கழியாததால் தாயும் பிள்ளையும் அறையிலேயே இருந்தார்கள். புருஷன் வயலில். அவளுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க வந்த பக்கத்துக் காணிப் பெண், அடுப்பை மூட்டிவிட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் அள்ளப் போனாள். திரும்பும்போது குசினிக் கிடுகு முழுவதும் நெருப்பு.

யன்னல் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலம் விட்டிருந்தேன். அந்த இடைவெளியால் தாய் பிள்ளையை நீட்ட, அந்தப் பெண் அதன் தலையைத் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தாள். பிள்ளை வந்தது. வயலிலிருந்து ஓடிவந்தவர்கள் இரும்பு அலவாங்கால் குத்தி முன்வாசலை உடைத்தபோது அறை முழுவதும் புகை. அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலால்தான் வந்தார்கள். உயிர் இருக்கவில்லை.

செய்தி கேட்ட அன்றே கந்தோர் மேசையில் படத்தை விரித்தேன். அந்த வரிசையில் மற்ற வீடுகளுக்கு இன்னும் அத்திவாரம் வெட்டவில்லை. வீட்டைக் கால்வட்டம் திருப்பி வைத்துப் பார்த்தேன். கிழக்கு வாசல். காணிக்குள் தாராளமாக அடங்கியது. ஐந்து நிமிட வேலை. எல்லா வீட்டையும் அப்படியே மாற்றிக் கீறினேன்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அந்தப் புதிய படம் என் தோல்பையில் இருந்தது. விசாரணை அதிகாரி கேட்டார்: "இவர்கள் வாசலை மாற்றித் தரும்படி கேட்டார்களா?"

"கேட்டார்கள்."

"மாற்ற முடியுமாயிருந்ததா?"

வேலை போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, எல்லோருக்கும் முன்னால் நான் சிறுத்துப்போவேனே என்று பயந்தேன்.

"முடியாது. அரசாங்கப் படம்."

அதிகாரி எழுதிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினார். அவன் மொட்டை அடித்திருந்தான். பிள்ளை அவன் தோளில் நித்திரை. அவன் ஒருதரம் என்னைப் பார்த்தான். நான் அகப்பட்டேன் என்று நினைத்தேன்.

"ஓம் ஐயா, இவர் அப்பவும் இதைத்தான் சொன்னவர்" என்றான். "வாசலை அடைச்சது நான். இவரிலை ஒரு பிழையும் இல்லை."