கம்பெனிக்குப் பத்து மார்க் போட்ட பொன்னுத்தாய்

எங்கள் தெருப் பொன்னுத்தாயைப் பற்றிச் சொல்வதென்றால் அவளுடைய வாயிலிருந்துதான் தொடங்கவேண்டும். நாற்றங்காலில் நின்று கத்தினால் மயிலாடுதுறை பஸ் நின்றுவிடும். கூலிப் போராட்டத்தில் மிராசுதாரையே இறங்கிவர வைத்தவள்; மனைப்பட்டா கேட்டுத் தாசில்தார் ஜீப்பை மறித்தவள். அப்படிப்பட்டவள் ஒரே ஒருநாள் நல்ல வார்த்தை பேசினாள். வம்பு அதில்தான் வந்தது.

மிராசுதார் மகன் நிலத்தை ஓர் அரிசி ஆலைக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். கம்பெனி சுற்றிலும் சுவர் எழுப்பியது. வாய்க்கால் கரையோடு சுடுகாட்டுக்குப் போகும் எங்கள் பாதை சுவருக்குள் மாட்டிக்கொண்டது. இனிச் செத்தவரைத் தூக்கிக்கொண்டு வயல் சேற்றில்தான் இறங்கவேண்டும். பொன்னுத்தாயின் புருஷன் ஐயாவு அப்போது படுத்த படுக்கை. "என்னைச் சேத்துல போட்டு இழுக்காத புள்ள. கரையோட கொண்டுபோ" என்றார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து லத்தீஃபா என்று ஒரு பெண் வந்தாள். வெளிநாட்டில் அரிசி விற்கவேண்டுமானால், கம்பெனி ஊராரிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று அளந்து மார்க் போடவேண்டுமாம். நெல்லை மரக்காலில் அளக்கலாம். நல்ல குணத்தை எதில் அளப்பார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

முதன்முதலாக வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்வது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

"கம்பெனியால ஏதும் தொந்தரவு உண்டாம்மா?" என்று பொன்னுத்தாய் வீட்டில் கேட்டாள் லத்தீஃபா.

"ஒண்ணுமில்ல தாயி, நல்லாருக்கோம். வெயில்ல வந்துருக்க, மோரு குடி."

"பத்துக்கு எத்தனை மார்க் போடலாம்?"

"ஒனக்கென்ன கொறச்சலு? பத்தையும் போட்டுக்க."

தெரு முழுக்க இதே கதைதான். லத்தீஃபா போனதும், "பாதைய ஏண்டி சொல்லல?" என்று பொன்னுத்தாயைக் கேட்டேன்.

"மொத தடவ வந்த புள்ளகிட்டயா? மறுக்கா வரட்டும், வச்சுக்கிறேன்."

மறுபடி யார் வந்தார்கள்? ஆலை வாசலில் பலகைதான் வந்தது: 'ஊர்மக்கள் மனநிறைவு நூற்றுக்கு நூறு'. பாதை கேட்டுப் போனால், மேனேஜர் குஞ்சிதபாதம் அந்தப் பலகையைக் காட்டினார்.

"நீங்க குடுத்த மார்க்குதாம்மா. குறை இருந்தா இவ்வளவு வருமா?"

ஐப்பசி அடைமழையில் ஐயாவு கண்ணை மூடினார். வயலில் இடுப்பளவு தண்ணீர். அன்றைக்குப் பார்த்து வெளிநாட்டு வியாபாரிகள் ஆலைக்கு வந்திருந்தார்கள். பொன்னுத்தாய் பாடையை நேராக ஆலை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள். பறையோடு போய் நின்றோம். குஞ்சிதபாதம் ஓடிவந்தார்.

"இன்னைக்குத்தானாம்மா இது?"

"அவரையே கேளுங்க. படுத்துருக்காரு பாருங்க."

வியாபாரிகள் எட்டிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. ஐயாவு கால் நனையாமல் கரையோடு போனார். வெள்ளைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஊரும் ஆலையும் ஒரே குடும்பம் என்று குஞ்சிதபாதம் அவர்களுக்கு விளக்கினாராம். அதற்கும் தனியாக மார்க் விழுந்ததாம்! அந்த மார்க் குறைந்துவிடக் கூடாதென்று, எங்கள் தெருவில் யாருக்காவது இருமல் என்றாலே இப்போது காவலாளி சாவியைத் தேடுகிறார்.

பொன்னுத்தாய்க்கு அது போதவில்லை. காரியம் முடிந்த கையோடு ஆலை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் திறந்து விடுறோமேம்மா, இன்னும் என்ன?" என்றார் குஞ்சிதபாதம்.

"நீங்க தொறந்து விட்டா அது ஒங்க பாதை. எங்க பாதைன்னு பத்திரத்துல எழுதுங்க. நானும் ஒருநாள் போவணும்ல?"

இன்னும் எழுந்திருக்கவில்லை. சோறு நான்தான் கொண்டுபோகிறேன்.