‘பார்ப்போம்’ என்பதற்கு ஜேர்மன் சொல்

கொலோனில் எங்கள் தேவாலயத்துக்கு ஓர் உதவிக் குழு உண்டு. டோகோவின் வடக்கில் உள்ள ஒரு கிராமத்தோடு அதற்குப் பல ஆண்டுத் தொடர்பு. குழுவில் என் அம்மாவும் இருக்கிறார். கோப்பியும் ரோல்ஸும் அவர் பொறுப்பு. அந்த ஊராரோடு பேசப் பிரெஞ்சு தெரிந்தவர் யாருமில்லை என்ற பேச்சு ஒருநாள் எழுந்தபோது, அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, “என் மகள் பிரெஞ்சு இலக்கியம் படிக்கிறாள், சும்மாதான் இருக்கிறாள்” என்று ஜேர்மனில் அறிவித்தார். இரண்டாவது தகவல் தேவையற்றது.

நான் அதிகம் பேசுபவள் அல்ல. மொழிபெயர்ப்புக்கு அது ஒரு தகுதி என்றே நினைத்தேன். பிறர் சொன்னதைச் சொன்னால் போதும்; எனக்கென்று ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கிராமத்தின் பெண்கள் அப்போது ஒரு சோளக் களஞ்சியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இடத்தை அவர்களே தேர்ந்து, மண்கல்லை அவர்களே அறுத்து, சுவரையும் எழுப்பிவிட்டார்கள். கூரைத் தகரம் மட்டும் இல்லை. மழைக்கு முன் கூரை ஏறாவிட்டால் சுவர் கரைந்துவிடும். இதைப் பெண்கள் குழுவின் தலைவி முதல் காணொளி அழைப்பிலேயே சொன்னார். அவர் சந்தையில் துணி விற்பவர். கைபேசியை எவ்வளவு தள்ளிப் பிடித்தாலும் எங்கள் ஒலிபெருக்கி அதிர்ந்தது.

எங்கள் குழுவால் அந்த ஆண்டு ஒரு பொருளைத்தான் அனுப்ப முடியும். குழுவிலிருந்த ஓய்வுபெற்ற பொறியாளர் அதற்குள் ஒரு சூரிய அடுப்பைச் செய்து முடித்திருந்தார். தொலைக்காட்சிக்காகக் கூரையில் வைக்கும் தட்டைப் போல, ஆனால் அதைவிடப் பெரிதாக, குழிந்த கண்ணாடித் தட்டு, நடுவில் பானை. தேவாலய முற்றத்தில் செயல்விளக்கம் நடந்தது. கொலோன் வானம் ஒத்துழைக்கவில்லை. ஒரு முட்டை அவிவதற்குள் உள்ளே பூசை முடிந்து, ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானமும் ஆகிவிட்டது.

“இனி உந்த முட்டை குஞ்சு பொரிச்சுப்போடும்” என்றார் அம்மா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

“டோகோவில் வெயில் நன்றாக இருக்கும்” என்றார் பொறியாளர், வானத்தை மன்னித்தபடி.

அடுத்த அழைப்பில் அவர் அடுப்பைத் திரைக்கு முன் நிறுத்தி விளக்கினார். தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அழகாக இருக்கிறது. பார்ப்போம்” என்றார்.

அந்தப் பிரெஞ்சுத் தொடரை ஜேர்மனில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஒன்று தோள்குலுக்கலோடு வருவது. மற்றது வேலைத்திட்டத்தோடு வருவது. இரண்டாவதில் வாக்கியம் முழுமையாக இருந்ததால் அதைத் தேர்ந்தேன்: ‘நாங்கள் அதைப் பார்வையிடுவோம்.’ எல்லோர் முகமும் மலர்ந்தது. பார்வையிட எவ்வளவு காலம் வேண்டும், நாளும் நேரமும் சொல்லி ஒரு டெர்மின் குறிக்கலாமா என்று பொறியாளர் கேட்டார்.

திரையில் தலைவியின் சிரிப்பைப் பார்த்திருந்த அம்மா, ரோல்ஸ் தட்டோடு என் பக்கம் சாய்ந்தார். “பிள்ளை, உது எங்கட ‘பாப்பம்’ எல்லோ?”

“அவ சொன்னதைத்தான் அம்மா நான் சொல்ல ஏலும்.”

“அவ வேண்டாம் எண்டெல்லோ சொன்னவ. நீ என்ன சொன்னனீ?”

எங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்ற சொல்லின் பொருளை நான் அறியாதவள் அல்ல. நாய்க்குட்டி, பாரிஸ் சுற்றுலா, குட்டையாக வெட்டிய தலைமுடி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் போனவை. ஒன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் அது தமிழ், இது பிரெஞ்சு. ஒன்றின் வழக்கத்தை மற்றதற்குள் கடத்தக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அதற்கடுத்த அழைப்பில் பொறியாளர், “பார்த்தீர்களா?” என்றார்.

“பார்த்துக்கொண்டிருக்கிறோம்.”

“ஏதாவது தெளிவில்லாமல் இருக்கிறதா?”

“எல்லாம் மிகத் தெளிவு. சுவர்களும் சுகம். கூரை இல்லாததுதான் அவற்றுக்குக் குறை.”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். பொறியாளர் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அடுப்பைப் பொருத்தும் வரைபடத்தை அனுப்பிவைத்தார்.

முடிவெடுக்கும் சனிக்கிழமை வந்தது. திரையில் தலைவியின் பின்னால் வானம் கறுத்திருந்தது. களஞ்சியச் சுவர்களைப் பொலித்தீனால் மூடியிருந்தார்கள். அது எட்டாத மூலைகள் அவருடைய கடைத் துணிகளை, மஞ்சள் பூப்போட்டவற்றை, உடுத்தி நின்றன.

“உங்கள் அடுப்பு பொழுதுபட்ட பிறகு எரியுமா? நாங்கள் அப்போதுதான் சமைக்கிறோம்” என்றார் தலைவி.

“பகலில் சமைக்கலாமே” என்றார் பொறியாளர்.

“பகலில் வயலில் நிற்போம். ஆனாலும் தட்டு நல்ல பெரிது. இப்படி எத்தனையைக் கவிழ்த்து அடுக்கினால் ஒரு களஞ்சியம் மூடும்?”

மொழிபெயர்த்தேன். பொறியாளர் பென்சிலை எடுத்து உண்மையாகவே கணக்குப் போடத் தொடங்கினார்.

“ஐயோ, இந்த மனுசன் அடுப்பால கூரை மேயப்போறார்” என்றார் அம்மா. “வாயைத் திறவன் பிள்ளை!”

பூப்போட்ட துணி ஒன்று காற்றில் கழன்று பறந்தது. அதைப் பிடிக்க யாரோ ஓடினார்கள்.

“அவர் வேண்டாம் என்கிறார்” என்றேன் ஜேர்மனில். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறார். அவருக்கு வேண்டியது கூரை.”

பொறியாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “வேண்டாமா?”

“வேண்டாம்.”

“அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே!” அவர் குரலில் வருத்தத்தைத் தேடினேன், இருந்தது பெரிய நிம்மதி. தாளைத் திருப்பினார். “கூரையின் நீள அகலம் என்ன?”

“என்ன மகளே, அங்கே எல்லோரும் செத்தவீட்டில் போல இருக்கிறார்கள்?” என்றார் தலைவி திரையிலிருந்து.

“நீங்கள் வேண்டாம் என்றதாகச் சொன்னேன்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, நான் அப்படிச் சொல்லவே இல்லையே! இவ்வளவு மரியாதையாக அல்லவா பேசிக்கொண்டிருந்தேன்.” பிறகு ஒலிபெருக்கி கரகரக்கச் சிரித்துவிட்டு, நீள அகலத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். வாக்கெடுப்பில் முதலில் உயர்ந்தது பொறியாளரின் கை.

தகரம் ஏறியது. மழையும் வந்தது. தலைவி அனுப்பிய காணொளியில் மழை தகரத்தில் கொட்டும் ஓசையில் அவர் குரலே கேட்கவில்லை. அது நடக்கக்கூடியது என்று அன்றுதான் அறிந்தேன்.

எஞ்சியது அடுப்பு. அதை எங்கள் பால்கனிக்குத் தரலாமா என்று ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு பொறியாளர் அம்மாவிடம் கேட்டார். அம்மா இனிமையாகச் சிரித்து, ஜேர்மனில் “பார்ப்போம்” என்றார்.

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். “இது எந்தப் பார்ப்போம்?”

“வேண்டாம்” என்றேன்.

“இப்ப உன்னட்ட ஆர் கேட்டது?” என்றார் அம்மா, அதே சிரிப்போடு.

அவர் என்ன சொல்கிறார் என்று பொறியாளர் ஆவலோடு கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.