தமிழ்ப் பக்கங்கள், மாலை ஐந்துக்குள்

வயல் மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் ஒரு செயலிக்கு நான் கையேடு எழுதுகிறேன். அலுவலகம் பெங்களூரில், நான் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். கையேட்டை எழுதியவரே மொழிபெயர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி. அதனால் தமிழாக்கத்துக்கு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அழைப்பிதழ் அச்சடிக்கும் அண்ணாச்சியை நான்தான் சிபாரிசு செய்தேன். நல்ல தமிழ் எழுதுவார். அவர் தந்த அச்சுப் பிரதியைப் படித்துப் பார்த்து, ஒவ்வொரு தாளிலும் கையெழுத்தும் போட்டேன்.

வெளியீட்டு நாள் காலையில் கோப்பைத் திறந்தபோது, செயலியின் பொத்தானில் உள்ளபடி ஆங்கிலத்திலேயே ‘Start’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ளுவயசவ’ என்று இருந்தது. ‘Stop’ இருந்த இடத்தில் ‘ளுவழி’.

காரணம் உடனே புரிந்தது. அண்ணாச்சி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிறவர். அதில் கணினிக்குள் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எது தமிழ், எது நிஜ ஆங்கிலம் என்பது எழுத்துருவை வைத்துத்தான் தெரியும். ‘வடிவமெல்லாம் வேண்டாம், வெறும் எழுத்தாக அனுப்புங்கள்’ என்று கேட்டது நான்; அதோடு எழுத்துரு விவரமும் போய்விட்டது. வந்ததை யூனிகோடு எனும் ஒருங்குறிக்கு மாற்றும் நிரலில் போட்டேன். அது ஆங்கிலத்தையும் சேர்த்துத் தமிழாக்கிவிட்டது. மாற்றிய பிறகு நான் சரிபார்த்தது முதல் இரண்டு பக்கங்கள் மட்டும். அவற்றில் ஆங்கிலமே கிடையாது.

குழுத் தலைவியை அழைத்துச் சொன்னேன். மாலை ஐந்துக்குள் சரியான கோப்பு வராவிட்டால் தமிழை விட்டுவிட்டு மற்ற மொழிகளோடு வெளியிடுவோம் என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூலக் கோப்பு கிடைத்தால் ஒரு மணி நேர வேலை. சாரலில் நனைந்துகொண்டு கடைக்குப் போனேன். மூலக் கோப்பு இல்லை. புது வேலை வந்தால் அண்ணாச்சி பழைய கோப்பையே திறந்து, எழுத்தை அழித்துவிட்டு, அதன் மேலேயே தட்டச்சு செய்வாராம். ஓர அளவெல்லாம் அப்படியே கிடைக்கும் என்பதற்காக. எங்கள் கையேடு இப்போது யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா அழைப்பிதழாகியிருந்தது.

“நீதானம்மா கையெழுத்துப் போட்டுட்டுப் போன? கையெழுத்து விழுந்தா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம். பொறவும் ஃபைல வச்சுக்கிட்டு என்ன செய்யச் சொல்லுத?”

அச்சுப் பிரதி மட்டும் அவரிடம் இருந்தது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து பட்டியல் போட்டேன்: ஒன்று, பொத்தான்களின் பெயர்கள், இரண்டு, திரையில் வரும் எச்சரிக்கைகள், மூன்று, தனி எழுத்துகள். முதல் இரண்டும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள். தேடி மொத்தமாக மாற்றிவிடலாம். அண்ணாச்சி தாளைப் பார்த்து வாசிக்க, நான் மாற்றிக்கொண்டே வந்தேன். இடையிடையே ஐந்தருவி விடுதிக்காரர் ஒருவர் நோட்டீஸ் கேட்டு வந்துகொண்டிருந்தார். அவர் வரும்போதெல்லாம் என் வேலை நின்றது.

மூன்றாவதில்தான் மாட்டினேன். மும்முனை மின்சாரத்தின் கம்பிகளை R, Y, B என்று குறிப்பார்கள். அவை ‘சு’, ‘லு’, ‘டீ’ என்று மாறி, பின்னால் வரும் தமிழோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மொத்தமாக மாற்றினால் நல்ல சொற்களும் கெடும். ஒவ்வொன்றாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது, கம்பி இணைப்புப் பக்கம் மட்டும் மிச்சம். ஒரு தடவை திருத்திவிட்டேன். இரண்டாம் தடவை சரிபார்க்க நேரமில்லை. இன்னும் ஒரு மணி நேரம் கேட்டேன். தலைவி மறுத்தார்.

“ஒரு பக்கந்தான? அப்படியே அனுப்பிருமா. எவன் பாக்கப் போறான்?” என்றார் அண்ணாச்சி.

“பாத்து மாட்டப் போறவன் பாப்பான், அண்ணாச்சி.”

அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஆங்கிலப் பக்கத்தையே அங்கே வைத்தேன். சுந்தரபாண்டியபுரத்தில் ஒருவர் மோட்டாரைப் பொருத்தும்போது முதலில் திறக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான். அதன் தலைப்பில், ‘இப்பக்கம் விரைவில் தமிழில் வரும்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். விரைவில் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.