ஜப்பான்காரிக்காக ஒரு சண்டை

எங்கள் பகுதியில் இருக்கும் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் என் கணவரின் அண்ணன் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த கடை அது. கணவர் சமைப்பார், மனைவி பரிமாறுவார். சில மேசைகள், ஆடுகிற கதிரைகள். கோழியையும் வெங்காயத்தையும் முட்டையோடு சேர்த்து, சுடுசோற்றின்மேல் கவிழ்த்துத் தருவார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கு எதுவுமே உள்ளே தங்கவில்லை. என் குசினியின் தாளித வாசமே குமட்டியது. அதை எப்படியோ கண்டுகொண்ட அந்த அம்மா, கடையில் விற்காத கஞ்சி ஒன்றை உப்பில் ஊறிய புளிப்புப் பழத்தோடு கொண்டுவந்து வைத்தார். அது மட்டும்தான் அப்போது எனக்கு இறங்கியது.

சிட்னியிலிருந்து அந்த அண்ணன், என் அத்தான், வந்திருந்தபோது ஆசையாக அங்கே கூட்டிக்கொண்டு போனேன். இருந்தவுடனேயே விரலைச் சொடுக்கி அந்த அம்மாவைக் கூப்பிட்டார். அவர் வந்து குனிந்து, கறி கொதிக்கக் கொஞ்சம் நேரமாகும், பொறுங்கள், ப்ளீஸ் என்றார். அவர் வாயில் அது ‘ப்ரீஸ்’ என்றுதான் வரும். அவர் திரும்பி நடப்பதற்குள் அத்தான் கைகளைத் தொடையில் வைத்துக் குனிந்து, “ப்ரீஸ், ப்ரீஸ்” என்றார். என் கணவரும் சிரித்தார்.

அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்துவிட்டது.

“நிப்பாட்டுங்கோ அத்தான். அவவுக்குக் கேக்குது.”

“சும்மா பகிடிதானே. அவவுக்குத் தமிழ் விளங்குமே?”

“நீங்கள் சொன்னது தமிழில்லை.”

இதே அத்தான், வந்த புதிதில் தன் இங்கிலீசைக் கேட்டு வேலையிடத்தில் ஒருவன் சிரித்ததை ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்லிக் கொதிப்பவர். நாங்களும் கூடச் சேர்ந்து கொதிப்போம். இன்றும் அவருக்கு ‘ஃபிஷ்’ ‘பிஸ்’தான்.

நான் எழும்பிப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சாப்பாடு ஆறிவிடும், போய்ச் சாப்பிடு என்றார். நாங்கள் வெளியேறும்போது வழக்கம்போலக் குனிந்து வணங்கினார், அத்தானுக்கும் சேர்த்து. அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

காருக்குள் கணவர், “விடுமப்பா, அண்ணா பகிடிக்குத்தானே” என்றார்.

அத்தான் சிட்னிக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமி, கணவரின் அம்மா, தொலைபேசியில் வந்தார். “ஆரோ ஒரு ஜப்பான்காரிக்காக மூத்தவனை அவமானப்படுத்திப் போட்டீராமே? ஒரு சொறி சொல்லி மன்னிப்புக் கேளுமன், பிள்ளை.”

“ஓம் மாமி, அவவுக்காகத்தான் கதைச்சனான். சொறியை அத்தான்தான் சொல்லோணும்.”

மாமி போனை வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை கணவர் காரைக் கடை வாசலில் நிறுத்தி, “நீர் போய் வாங்கிக்கொண்டு வாரும்” என்றார். உள்ளே போக அவருக்குக் கூச்சம்.

“நீங்கள் போங்கோ” என்றேன். “சிரிச்சது நீங்கள்தானே?”

சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிப் போனார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டு நின்றார். அவர் திரும்பி வந்தபோது, என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை. அத்தானிடமிருந்து இன்றுவரை ஒரு சொல் வரவில்லை.